முப்பத்தொரு ஜோடி பள்ளி ஷூ

எமகோபேனி,
கிழக்கு கேப்.
ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஸூகிஸ்வாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் தங்கை லூசாண்டாவும், ஐந்து மாடுகளும், எண்ணிக்கைக்கு நிற்காத கோழிகளும் கடவுள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீயும் அந்தக் கொரியாக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நல்ல மழை. சோளம் என் இடுப்புக்கு மேல் வந்துவிட்டது, பூசணிக்கொடி வேலி தாண்டி மாரடேபே வீட்டுக்குள் போய்விட்டது, அந்தம்மா அதில் காய்க்கிறதெல்லாம் தனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். போன வாரம் நீ போனில் கேட்டாயே, லூசாண்டாவுக்கு அரசாங்கம் மாதா மாதம் போடுகிற பணத்தை என்னதான் செய்கிறீர்கள், நான்தான் வீட்டுச் செலவுக்கு அனுப்புகிறேனே, அதைத் தொடாமல் அவள் பேரில் பேங்கில் போட்டு வைத்தால் என்ன என்று. அதற்குப் பதிலாக ஷூ என்று ஆரம்பித்தேன், நீ சிரிக்க ஆரம்பித்தாய், லைன் போய்விட்டது. முதலில் அந்த ஷூ கதையைச் சொல்லாமல் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது, அதைப் போனில் சொன்னால் உன் சம்பளம் கரைந்துவிடும். அதனால்தான் நோட்டுப் புத்தகத்தைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் உன் அம்மா போனதும் அந்தப் பணம் என் பேருக்கு மாறியது உனக்குத் தெரியும். முதல் மாதம் டவுன் கடையில் அதை வாங்குகிற வரிசையில் நின்றபோது முன்னால் நாற்பது பெண்கள், பின்னால் முப்பது பெண்கள், நடுவில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் ஒருத்தன். நம் பெண்கள் அதை இடுப்புக் காசு என்றுதானே சொல்வார்கள், இடுப்பு வலித்துப் பெற்றதற்கு வருகிற காசு என்று. இடுப்பு வலிக்காமலே இடுப்புக் காசு வாங்குகிற ஒரே ஆண்பிள்ளை நான்தானாம், அதைச் சொல்லிச் சொல்லி வரிசை முழுக்கச் சிரித்தது. சுரங்கத்து ஸ்டோரில் இருபத்திரண்டு வருஷம் பூட்ஸ் மூட்டை தூக்கியதில் என் இடுப்பு வலித்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அப்புறம் மாரடேபே தன் சங்கத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டார். பதினோரு பெண்கள், நான் பன்னிரண்டாவது. நம் பெண்களைப் பிறந்த குலத்தின் பேருக்கு முன்னால் மா போட்டுக் கூப்பிடுகிறோம் இல்லையா, பேலே குலத்தானான என்னையும் மாபேலே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் கோபம் வந்தது. இப்போது யாராவது வெறும் பேலே என்று கூப்பிட்டால் என்ன கோபமோ என்று பயமாக இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், வெளியில் இருப்பவர்கள் பேசுகிறார்களே, பிள்ளைப் பணத்தை வாங்கித் தலைமுடிக்கும் குடிக்கும் கொட்டுகிறார்கள் என்று, நானும் சுரங்கத்தில் இருந்தபோது அப்படித்தான் பேசியவன். வரிசையில் நின்ற பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். மாரடேபே தன் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் பணத்தில் முட்டைக்கோழி வாங்கினார், இப்போது பள்ளிக்கூடத்துக்கே அவர்தான் முட்டை கொடுக்கிறார். ஒருத்தி ஒவ்வொரு மாதமும் ஒரு தகரம் வாங்கி வீட்டுக்குப் பின்னால் சாய்த்து வைக்கிறாள், கூரை போட இன்னும் ஆறு பாக்கி. இன்னொருத்தி மொத்தத்தையும் பள்ளி வேனுக்குக் கொடுத்துவிட்டு, அவள் சந்தைக்கு நடந்து போகிறாள். உன்னைவிட ஒரு வயது சின்னவள் பூமேசா, பள்ளிக்கூடத்தில் உன் பின்னாலேயே சுற்றுவாளே, அவள் ஒரு மாதம் காசு கொடுத்து முடி வைத்துப் பின்னிக்கொண்டு வந்தாள், ஊரே பேசியது. அந்தத் தலையோடு போய்த்தான் டவுன் ஹோட்டலில் வேலை வாங்கினாள். இப்போது அவள் மகன் லூயோ தினம் கறி சாப்பிடுகிறான். யார் எதைச் செய்தால் சரி என்று சொல்ல நான் யார்?

சங்கத்தின் வழக்கம் என்னவென்றால், பணம் வருகிற அன்றைக்கே பிள்ளைக்கு இவ்வளவு என்று எல்லாரும் பொதுவில் போட்டுவிட வேண்டும், டிசம்பரில் மொத்தமாக எடுத்து மாவும் சர்க்கரையும் எண்ணெயும் மூட்டை மூட்டையாக வாங்கி வண்டி பிடித்துக் கொண்டுவந்து பங்கு போட வேண்டும். அந்த வண்டி பாட்டோடு ஊருக்குள் வருகிற அழகு உனக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் புது வருஷம் பிறந்து ஒரு வாரத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். பள்ளி திறக்கும்போது பிள்ளைக்கு ஷூ இல்லாமல் பாதிப் பேர் வட்டிக்காரனிடம் ஓடுவார்கள். போன வருஷம் பிப்ரவரி கூட்டத்தில் நான் எழுந்து, இந்த வருஷம் மாவு வேண்டாம், பிள்ளைகளுக்கு ஷூ வாங்குவோம், மொத்தக் கடையில் ஆகஸ்டில் விலை குறைப்பான், அப்போதே வாங்கிப் பூட்டி வைத்துவிடுவோம் என்றேன். கிறிஸ்துமஸுக்கு ஷூவைத்தான் அவித்துத் தின்ன வேண்டும் என்று கேலி செய்தார்கள். ஆனாலும் ஒத்துக்கொண்டார்கள். ஏன் ஒத்துக்கொண்டார்கள் தெரியுமா, நான் யார், நாலாயிரம் பேர் காலுக்குப் பூட்ஸ் கொடுத்தவன், ஒருத்தன் வாசலில் வந்து நிற்கும்போதே அவன் எட்டா ஒன்பதா என்று சொல்லிவிடுவேன். அதை நானே நாலு தடவை சொல்லியிருந்தேன்.

ஆகஸ்டில் முப்பத்தொரு பிள்ளைகளையும் நம் வாசலில் வரிசையில் நிற்க வைத்து, ஸ்டோரிலிருந்து கொண்டுவந்த அந்த இரும்பு அளவுப் பலகையில் ஒவ்வொரு காலாக வைத்து அளந்தேன். மாரடேபே பக்கத்தில் நின்று, ஒரு விரல் இடம் விட்டு எழுதுங்கள் என்றார். நான் அவருக்குப் பாடம் எடுத்தேன். பூட்ஸ் காலோடு ஒட்டி இருக்க வேண்டும், இடம் விட்டால் உள்ளே கால் ஆடும், ஆடினால் ஆள் விழுவான், விழுந்தால் பாறை இடுக்கில் போய்விடுவான் என்று. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முட்டை பொறுக்கப் போய்விட்டார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி கயிறு கட்டுகிற கறுப்பு ஷூவாக வாங்கினேன், ஸ்டோரில் அப்படித்தானே. பட்டை வைத்த ஷூ இல்லையா என்று லூசாண்டா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் அவள் ஷூவை அவளுக்குப் பிடித்துத்தான் போயிற்று. அவள் இந்த வருஷம் ஹைஸ்கூல் போகிறாள் இல்லையா, அந்த ஹெட்மாஸ்டர் வாசலிலேயே நின்று கால்களைப் பார்த்து உள்ளே விடுகிறவர். அதனால் சாயங்காலமானால் பெட்டியைத் திறந்து ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு மூடி வைப்பாள். ஜனவரிவரை யாரும் காலில் போடக்கூடாது, தேய்ந்துவிடும் என்று நான் சட்டம் போட்டிருந்தேன்.

பள்ளி திறக்க ஐந்து நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை மத்தியானம், அவள் போட்டுப் பார்த்தாள். குதிகால் உள்ளே போகவில்லை. கயிற்றைத் தளர்த்தினோம், சோப்புத் தடவினோம், ஸ்பூன் வைத்துத் தள்ளினோம். உன் தங்கைக்குத்தான் என்னவோ கால் பெருத்துவிட்டது என்று நினைத்து, தெருவில் போன மூன்று பிள்ளைகளை பிஸ்கட் தருவதாகக் கூப்பிட்டு, அவரவர் ஷூவை எடுத்துப் போட்டுவிட்டுப் பார்த்தேன். மூன்று பேருக்கும் போகவில்லை. சுரங்கத்து ஆள் இருபது வயதில் எட்டு என்றால் ஐம்பது வயதிலும் எட்டுதான். ஐந்து மாதத்தில் பிள்ளையின் கால் இப்படி வளரும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. சனிக்கிழமை முதல் வண்டியில் டவுனுக்குப் போனேன். மொத்தக் கடைக்காரர் விற்றதைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றார், பள்ளி ஷூ எல்லாம் விற்றுத் தீர்ந்தும் போயிருந்தது. பன்னிரண்டு வீட்டுக் கிறிஸ்துமஸைப் பிடுங்கி முப்பத்தொரு பெட்டியில் போட்டு, அந்தப் பிள்ளைகளை நான் வெறுங்காலோடு பள்ளிக்கு அனுப்பப் போகிறேன், இனிமேல் யாரும் என்னை நம்பி ஒரு ராண்ட் பொதுவில் போடமாட்டார்கள், சங்கமே என்னால் உடையப் போகிறது என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் எல்லாரும் பிள்ளைகளோடு வாசலில் கூடினார்கள். நான் பெட்டிகளைப் புல்லில் அடுக்கிவிட்டு, தொப்பியைக் கழற்றி, தப்பு என்னுடையது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒரு குழந்தை பசிக்கிறது என்றது. பிறகு ஒரு யோசனை சொன்னேன். எல்லாருடைய காலும் ஒரு அளவு ஏறியிருக்கிறது, அதனால் பெரிய பிள்ளையின் ஷூவை அதற்கடுத்த பிள்ளைக்குக் கொடுத்தால் வரிசையாக எல்லாருக்கும் சரியாக வரும், மேலே இரண்டு மூன்று பேருக்குத்தான் இல்லாமல் போகும், ஆனால் ஒருத்தர்கூட விலகாமல் எல்லாப் பெட்டியையும் பொதுவில் வைக்க வேண்டும் என்று. பூமேசா முன்னால் வந்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். அரசாங்கம் லூயோ பேரைப் போட்டு அனுப்பிய பணம், அதில் வாங்கிய ஷூ லூயோவுடையது, அது காலுக்குச் சேராவிட்டால் விற்றுக்கொள்கிறேன், அடுத்தவர் பிள்ளைக்கு ஏன் கொடுக்க வேண்டும், என் பிள்ளைக்கு இல்லாமல் போனால் நான் யாரிடம் போய்க் கேட்பது என்றாள். அவள் சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. அவள் தன் பெட்டியை எடுத்தாள். இன்னும் இரண்டு பேர் குனிந்து பேர் எழுதிய பெட்டியைத் தேட ஆரம்பித்தார்கள்.

அப்போது மாரடேபே எழுந்தார். ஒரு விரல் இடம் விடச் சொன்ன அந்த அம்மா என்னை என்ன கேட்டாலும் நியாயம், கேட்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, பூமேசாவைப் பார்த்துத்தான் கேட்டார். "ஏண்டி, ஞாயிறு பள்ளி ஈஸ்டருக்கு நீ தேவதை வேஷம் போட்டியே, வெள்ளை ஷூ, குதிச்சுக் குதிச்சு காட்டுனியே, அது யாரோடதுன்னு நினைச்சே? இந்த மனுஷன் ஸூகிஸ்வாவுக்கு வாங்கிட்டு வந்ததுடி. இவர் வாங்கிட்டு வந்தது எது அந்தப் பிள்ளைக்குச் சேர்ந்துச்சு?" பூமேசா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். உடனே இன்னொருத்தி, அந்த பிரவுன் ஷூ எங்கள் வீட்டுக்கு வந்தது என்றாள். சிவப்பு ஷூ எங்களுக்கு என்றாள் மூன்றாமவள். வாசல் முழுக்கக் கை தூக்கினார்கள், மகளே. நான் பதினான்கு கிறிஸ்துமஸுக்கு உனக்கு வாங்கி வந்த ஷூக்கள் இந்த ஊரில் போகாத வீடு இல்லை. லீவு முடிந்து நான் ஜனவரியில் சுரங்கத்துக்கு பஸ் ஏறியதும் உன் அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் உன் காலுக்குச் சேருகிற ஒன்றை மாற்றிக்கொண்டு வருவாளாம். ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் லூசாண்டா தன் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் லூயோ முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "காலைக் குடு. இதை நான் ஒரு தடவகூட வெளிய போட்டுட்டுப் போகல, மோந்து மட்டும்தான் பார்த்தேன்" என்றாள். கயிற்றையும் அவளே கட்டிவிட்டாள். ஒரு நூல் அளவும் கூடக்குறைய இல்லை. பூமேசா தன் கையிலிருந்த பெட்டியைப் புல்லில் வைத்தாள். அப்புறம் அங்கே நடந்ததைச் சந்தை என்றுதான் சொல்ல வேண்டும். இதைக் கழற்று, அதைப் போடு, ஓடிக் காட்டு, குதித்துக் காட்டு என்று ஒரே கூச்சல். பட்டை ஷூவும் கயிறு ஷூவுமாகப் பிரித்து வாங்கியிருந்தால் பாதி மாறியிருக்காது, அதை மட்டும் நான் உரக்கச் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் மேலே மூன்று பேருக்கு இல்லை, கீழே மூன்று குட்டி ஜோடி மிச்சம். முதல் வகுப்புப் பிள்ளைகள் உள்ள மூன்று தாய்மார்கள் வேலிக்கு அந்தப் பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் அங்கேயே அந்த மூன்றையும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு, எங்களையும் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அந்த மேலே மூன்று பேரில் உன் தங்கை ஒருத்தி. புது ஷூ டவுனுக்கு வர ஒரு வாரம் ஆயிற்று. அதுவரை அவள் என்ன போட்டுக்கொண்டு ஹைஸ்கூல் போனாள் தெரியுமா, என் ஸ்டோர் பூட்ஸை, இரும்பு முனை வைத்தது. அவள் காலும் என் காலும் இப்போது ஒரே அளவு. நான் அதற்கு மூன்று தடவை பாலிஷ் போட்டேன். ஹெட்மாஸ்டர் வாசலில் நிறுத்தி வெகுநேரம் பார்த்தாராம். கறுப்பா, கறுப்பு. தோலா, தோல். கயிறு கட்டுகிறதா, கட்டுகிறது. போ என்றாராம். இரண்டாம் நாள் ஃபுட்பால் ஆடுகிற பையன்கள் அதை விலைக்குக் கேட்டார்களாம், அவள் உதைத்த பந்து எங்கே போய் விழுகிறது என்று பார்த்துவிட்டு. நன்றாகப் படிக்கிறாள், இப்போதே கணக்கு வாத்தியாரைப் பற்றிப் புகார் சொல்கிறாள்.

போன ஞாயிறு கூட்டத்தில் இந்த வருஷத்துக்கு முடிவு பண்ணினோம். பாதிப் பணம் மாவுக்கு, பாதி ஷூவுக்கு. ஷூ ஜனவரி முதல் வாரத்தில்தான் அளப்பது, பலகை என் கையில், ஆனால் எழுதுவது மாரடேபே. என்னை நீக்கிவிடுவார்கள் என்று பார்த்தேன், பூமேசாதான் முதலில் எழுந்து மாபேலே இருக்கட்டும் என்றாள். இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ சொல்வதும் நல்லதுதான். இனி நீ அனுப்புவதில் பாதியை லூசாண்டா பேரில் பேங்கில் போடுகிறேன், அவள் காலேஜ் போகும்போது இருக்கட்டும். ஆனால் அரசாங்கம் போடுகிறது பொதுவில்தான் போகும். லூயோ அந்த ஷூவில் தினம் நம் வாசல் வழியாக ஓடுகிறான். உன் தங்கை சோறு சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அதைப் பார்க்கிறாள், அவள் முகத்தைப் பார்த்தால் நீயும் என்னோடு சேர்ந்துகொள்வாய்.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். கூட்டம் கலைந்த பிறகு மாரடேபே பூசணிக்கொடி பக்கம் வந்து நின்று, உன் அம்மா எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருந்ததைச் சொன்னார். "அவர்கிட்ட யாரும் சொல்லிடாதீங்க, பாவம், பதினோரு மாசம் அந்தப் பெட்டியக் குடுக்கத்தான் அவர் அங்க இருக்கார்"னு சொல்லுவாளாம். மகளே, ஒரு கிறிஸ்துமஸில் உன் காலை அளந்துகொண்டு போய், அந்த அளவிலேயே அடுத்த கிறிஸ்துமஸுக்கு வாங்கி வந்திருக்கிறேன். நீ வளர்ந்ததை நான் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்ததும் நீ குதிப்பாய், சரியாக இருக்கிறதா என்று கேட்டால் சரியாக இருக்கிறது அப்பா என்பாய், அதைப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தபடி சர்ச் வரைக்கும், அந்த மேடு முழுக்க, நடந்து வருவாய். ஒரு தடவைகூட நீ நொண்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஏழு வயதுப் பிள்ளை விரலை மடக்கிக்கொண்டு எப்படியம்மா அவ்வளவு தூரம் நடந்தாய்? வருத்தப்பட்டு எழுதவில்லை, சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், கண்ணும் கொஞ்சம் கலங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். உன் அம்மாவும் மேலே இருந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே. லூசாண்டா உனக்கு முத்தம் தந்ததாகச் சொல்லச் சொன்னாள், கொரியாவில் பட்டை வைத்த கறுப்பு ஷூ கிடைக்குமா என்றும் கேட்கச் சொன்னாள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது ஒரு வெள்ளைத்தாளைத் தரையில் போட்டு, அதன்மேல் உன் காலை வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. நாலாயிரம் பேர் கால் அளவு தெரிந்தவனுக்கு உன் கால் அளவு தெரியாது.

என்றும் உன் நலமே நினைக்கும்,
அப்பா
வுயிசிலே (சங்கத்தில் மாபேலே)